தொட்டிக்கட்டு வீட்டில் ஒரு வட்ட வானம்: செங்கத்தில் என் முதல் ஃபிஷ்ஐ லென்ஸ் தேடல்!

"வைகாசியில வீட்டை இடிக்கிறோம் பாப்பா. அதுக்குள்ள ஒரு நடை வந்து எல்லாத்தையும் போட்டோ புடிச்சிக்கோ."

மாமா போனில் சொன்னது இவ்வளவுதான். அந்த 'எல்லாத்தையும்' என்ற சொல்தான் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

செங்கத்தில் இருக்கும் எங்கள் ஆயா வீடு தொட்டிக்கட்டு வீடு. (எங்கள் பக்கம் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம்.) நடுவில் வானம் பார்த்த முற்றம். நான்கு பக்கமும் தாழ்வாரம், எட்டு மரத்தூண்கள், மேலே நாட்டு ஓடு. மழை பெய்தால் நான்கு மூலையிலும் அண்டா வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள். அந்த வீட்டை எந்த மூலையில் நின்று படமெடுத்தாலும் ஒரு பக்கம்தான் விழும். மற்ற மூன்று பக்கமும் எனக்குப் பின்னால் இருக்கும்.

போன பொங்கலுக்கு என் செல்போனில் 0.5 வைத்துக் குடும்பப் படம் எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் விழுந்தார்கள். ஆனால் ஓரத்தில் நின்ற அத்தை மட்டும் இரண்டு மடங்கு அகலமாகிவிட்டார். அந்தப் படத்தை ஃபேமிலி குரூப்பில் போட்டதற்கு அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

"ஃபிஷ்ஐ லென்ஸ் வாங்கிடேன்" என்றார் எங்கள் வீடியோ டீம் அண்ணன். என்னிடம் இருந்ததோ ஏழு மாதச் சேமிப்பு, 15,000 ரூபாய். தப்பான லென்ஸை வாங்கிவிட்டால் வீடும் போகும், காசும் போகும். அதனால் ஒரு முடிவெடுத்தேன். சென்னையில் கேமரா வாடகைக்குக் கொடுக்கும் கடையில் இரண்டு ஃபிஷ்ஐ லென்ஸ்களை மூன்று நாளைக்கு எடுத்துக்கொண்டு செங்கத்துக்குக் கிளம்பினேன். ஏப்ரல் 20. வெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிணற்றுக்குள் இருந்து பார்த்த வானம்

கிளாம்பாக்கத்தில் ஏறினால் திருவண்ணாமலை. அங்கிருந்து கிருஷ்ணகிரி, பெங்களூரு போகிற பஸ் எதில் ஏறினாலும் சுமார் 35 கிலோமீட்டரில் செங்கம். திருவண்ணாமலை தாண்டியதும் வலப்பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ஜவ்வாது மலை கூடவே வரும்.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பையில் இருந்த லென்ஸின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது வெளியே பிதுங்கிக்கொண்டிருக்கும். 'மீன் கண்' என்று பெயர் வைத்தது இந்தப் பிதுங்கலுக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காரணம் வேறு.

நீங்கள் கிணற்றில் நீச்சல் கற்றவரா? நான் மாமாவின் கிணற்றில்தான் கற்றேன், முதுகில் சுரைக்குடுவை கட்டிக்கொண்டு. மூச்சைப் பிடித்து அடியில் போய் மேலே பார்த்தால், தண்ணீரின் மேற்பரப்பில் ஒரு வட்டம் தெரியும். கிணற்று மேட்டில் நிற்கிற ஆட்கள், வேப்பமரம், வானம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வளைந்து நெளிந்து நிற்கும். வட்டத்துக்கு வெளியே இருட்டு. ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், மேலே இருக்கும் 180 டிகிரி உலகமும் சுமார் 97 டிகிரிக்குள் சுருங்கிவிடுகிறது. மீனுக்கு நம் உலகம் தெரிவது அப்படித்தான்.

அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட் 1906-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிய வாளியின் அடியில் போட்டோ தகட்டை வைத்துப் படமெடுத்து, 'மீன் கண் காட்சி' என்று பெயரும் வைத்தார். 1920-களில் பிரிட்டனின் ராபின் ஹில் இதையே கண்ணாடி லென்ஸாக வடிவமைக்க, லண்டனின் பெக் நிறுவனம் செய்து விற்றது. அதற்கு வைத்த பெயர் 'ஸ்கை லென்ஸ்'. மேகங்களைப் படமெடுக்க, தரையில் படுக்கவைத்து வானத்தைப் பார்க்கிற லென்ஸ். (பிளஸ் டூவில் தாவரவியல் படித்தவர்களுக்கு 'ஹில் வினை' நினைவிருக்கும். அந்த ஹில்தான் இந்த ஹில்!) சாதாரண ஃபிலிம் கேமராவில் கழற்றி மாட்டுகிற ஃபிஷ்ஐ லென்ஸை நிக்கான் 1962-ல் கொண்டுவந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த லென்ஸ் அண்ணாந்து பார்ப்பதற்கென்றே பிறந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் முதல் நாள் முழுவதையும் வீணடித்தேன்.

மலை எங்கே போச்சு?

ஊர் போய்ச் சேர்ந்ததும் மாமாவின் பைக்கில் குப்பநத்தம் அணைப் பக்கம் போனோம். செய்யாறு மலையிலிருந்து இறங்கிவரும் இடம். மூன்று பக்கமும் மலை சூழ்ந்து நிற்கிறது. 'இவ்வளவு பெரிய காட்சிக்கு இவ்வளவு அகலமான லென்ஸ், வேறென்ன வேண்டும்' என்று கிளிக் செய்தேன்.

படத்தில் மலையைக் காணவில்லை!

பாதிக்கு மேல் வெள்ளை வானம், பாதி சாலை, நடுவில் மல்லாட்டைத் தோல் உயரத்துக்கு ஒரு கோடு. அதுதான் ஜவ்வாது மலை. கீழே என் செருப்பு நுனியும், இடது மூலையில் மாமாவின் முழங்கையும் போனஸ். 180 டிகிரி பார்க்கிற லென்ஸ், தூரத்தில் இருப்பதை எல்லாம் சுண்டக்காய் ஆக்கிவிடும். மலை, கடல், கோபுரம் என்று தள்ளி நின்று பார்க்கிற காட்சிகளுக்கு ஃபிஷ்ஐ வேண்டவே வேண்டாம். உங்கள் கேமராவோடு வந்த லென்ஸே போதும்.

கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் அடிவானம் மலைப்பாம்பு மாதிரி மேலே வளைகிறது. மேலே தூக்கினால் கிண்ணம் மாதிரி கீழே வளைகிறது. அடிவானக் கோட்டைச் சரியாகப் படத்தின் நடுவில் வைத்தால் மட்டும் நேராக நிற்கிறது. இதுதான் ஃபிஷ்ஐயின் அடிப்படை விதி: படத்தின் மையத்தின் வழியாகப் போகிற கோடு வளையாது, மற்ற எல்லாக் கோடும் வளையும். இந்த விதியை மனதில் வையுங்கள். கடைசியில் இது எனக்குத் தேவைப்பட்டது.

திரும்பும் வழியில் வேணுகோபால பார்த்தசாரதி பெருமாள் கோயிலுக்குப் போனேன். செங்கம் வந்தால் நீங்களும் போக வேண்டிய இடம். மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் வரிசை வரிசையாகப் போர்க்களம், வானரப் படை, அரக்கர்கள். கோயிலுக்குள் படமெடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. தவறு என்னுடையது, அதனால் கேமரா பையிலேயே இருந்தது.

அதுவும் நல்லதுக்குத்தான். 'அண்ணாந்து பார்க்கிற லென்ஸ்தானே, விதான ஓவியத்துக்கு அருமையாக இருக்குமே' என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அந்த ஓவியங்கள் பட்டைப் பட்டையாக, நேர்கோட்டு வரிசையில் கதை சொல்கின்றன. ஃபிஷ்ஐ வைத்து எடுத்தால் நடு வரிசை மட்டும் நேராக இருக்கும். மற்ற வரிசைகளில் வானரப் படை ஊஞ்சல் ஆடும். மண்டபத்துக்குள் நிற்கிற உணர்வு வேண்டுமென்றால் ஃபிஷ்ஐ சரி. ஓவியத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் சாதாரண லென்ஸால் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதுதான் முறை. வளைந்த படத்தை நேராக்கும் சாஃப்ட்வேர் உண்டு. ஆனால் நேராக்கும்போது ஓரங்கள் இழுபட்டு மங்கிவிடும், மூலைகளையும் வெட்ட வேண்டியிருக்கும். அத்தைக்கு நடந்ததுதான் அனுமனுக்கும் நடக்கும்.

செங்கத்துக்கு வந்தவர்களுக்கு வழி சொல்வது புதிதில்லை. சங்க இலக்கியத்தில் மலைபடுகடாம் பாடப்பட்டது இந்த ஊர்த் தலைவன் நன்னனைப் பற்றித்தான். அவன் ஊரான செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்கிறார்கள் அறிஞர்கள். பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி, காட்டுவழி, ஆற்றுவழி எல்லாம் சொல்லும் பாட்டு அது. டிராவல் ஸ்டோரி எழுதுகிற எங்களுக்கெல்லாம் மூத்தவர் அந்தப் புலவர். இங்கே கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் பற்றி 1972-ல் நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' நூலும் பெயர் பெற்றது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது லென்ஸுக்கு வருகிறேன்.

எதை வாங்குவது?

ஃபிஷ்ஐ இரண்டு வகை. சர்க்குலர், டயகனல்.

சர்க்குலர் என்றால் கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு வட்டப் படம், கிணற்றுக்குள்ளிருந்து பார்த்த மாதிரி. எந்தப் பக்கம் அளந்தாலும் 180 டிகிரி. டயகனல் என்றால் படம் முழுச் செவ்வகத்தையும் நிரப்பும். ஆனால் 180 டிகிரி என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மட்டும். மேலும் கீழும், இடமும் வலமும் அதைவிடக் குறைவாகத்தான் விழும்.

லென்ஸில் எழுதியிருக்கும் எம்எம் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் கேமராவின் சென்சார் அளவுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கான 15 எம்எம் ஃபிஷ்ஐயை, என்னுடையதைப் போன்ற ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் மூலைக்கு மூலை சுமார் 110 டிகிரிதான் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய வளைவில் பாதி படத்துக்கு வெளியே போய்விடும். அதேபோல ஃபுல் ஃபிரேமுக்கான 8 எம்எம் சர்க்குலர் லென்ஸை ஏபிஎஸ்-சியில் மாட்டினால் வட்டத்தின் மேலும் கீழும் வெட்டுப்படும். இரண்டுங்கெட்டான்.

ஏபிஎஸ்-சிக்கு டயகனல் வேண்டுமென்றால் 7.5 முதல் 10.5 எம்எம் வரை பாருங்கள். சாம்யாங் 8 எம்எம் எஃப்/3.5 பல வருடங்களாகப் பலருக்கும் முதல் ஃபிஷ்ஐ. நிக்கான், சோனி சென்சாரில் 180 டிகிரி, சற்றே சிறிய கேனான் சென்சாரில் 167 டிகிரி. மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு 7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் போன்ற நிறுவனங்களின் 7.5 எம்எம் லென்ஸ்கள் இருக்கின்றன. சர்க்குலர் என்றால் மெய்க்கி 6.5 எம்எம். நான் விசாரித்தபோது இவற்றில் பெரும்பாலானவை 10,000 முதல் 20,000 ரூபாய்க்குள் இருந்தன. கேனான் 8-15 எம்எம், நிக்கான் 8-15 எம்எம் ஜூம்கள் ஃபுல் ஃபிரேமில் வட்டமும் தரும், செவ்வகமும் தரும். விலையைக் கேட்டால் ஆயா வீட்டில் ஒரு தாழ்வாரத்தையே திரும்பக் கட்டிவிடலாம்போல இருந்தது.

விலை குறைந்தவற்றில் ஆட்டோஃபோகஸ் இருக்காது. "ஐயையோ" என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் இந்த வகை லென்ஸில் அது குறையே இல்லை. 7.5 எம்எம் லென்ஸில் அப்பெர்ச்சரை எஃப்/8 வைத்து, ஃபோகஸ் வளையத்தை அரை மீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால், ஒரு அடி தூரத்திலிருந்து மலை வரைக்கும் எல்லாமே தெளிவாக விழும். அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

முதல்முறை மாட்டும்போது கேமரா படமெடுக்க மறுத்தால் பயப்படாதீர்கள். லென்ஸில் மின் தொடர்பு இல்லாததால், லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற பொருளில் ஒரு அமைப்பு இருக்கும், அதை ஆன் செய்ய வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி லென்ஸைக் கெடுத்துவிட்டேன் என்று அழாத குறையாக நான் கடைக்குப் போன் செய்த கதை நமக்குள் இருக்கட்டும்.

முன்கண்ணாடி பிதுங்கியிருப்பதால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஃபில்டர் மாட்ட முடியாது. மூடிதான் ஒரே பாதுகாப்பு. செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் கடையிலேயே செல்போன் டார்ச்சை அடித்து முன்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சூரியன் எப்படியும் படத்துக்குள் வரப்போகிற லென்ஸ் இது. சின்னக் கீறலும் வெயிலில் பளிச்சென்று தெரியும்.

கொல்லையில் ஒரு ராத்திரி

மலையடிவாரத்தில், பரமனந்தல் போகிற பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் கொல்லை இருக்கிறது. அதாவது வயல். அன்று ராத்திரி மோட்டார் கொட்டகை பக்கத்தில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டோம். ஊர் வெளிச்சம் தெற்கே மங்கலாக இருந்தது. தலைக்கு மேல் நட்சத்திரம் கொட்டிக்கிடந்தது.

அந்த மலைக்கு மேலேதான் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1986 ஜனவரி 6-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அந்தத் தொலைநோக்கி வானத்தின் ஊசிமுனை அளவு இடத்தை உற்றுப் பார்க்கும். என் கையில் இருந்த உள்ளங்கை லென்ஸ் மொத்த வானத்தையும் மேலோட்டமாகப் பார்க்கும். மேகம் வருகிறதா என்று இரவெல்லாம் கண்காணிக்க உலகின் பல வானாய்வகங்களில் ஃபிஷ்ஐ மாட்டிய கேமராக்களை வைத்திருக்கிறார்கள். ஹில்லின் மேகக் கேமரா இன்னும் அதே வேலையைத்தான் பார்க்கிறது.

செங்கம் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 12 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் வடக்கே மலை உச்சியை ஒட்டி, வெறும் 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஏப்ரல் கடைசியில் ராத்திரி பத்தே முக்கால் வாக்கில் தெற்கே தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் உச்சிக்கு வரும். அதுவும் தாழ்வாகத்தான் நிற்கும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முடியுமா?

டயகனல் லென்ஸை நேர்மேலே பார்க்க வைத்து எடுத்தேன். முதல் படத்தில் இரண்டுமே இல்லை. செவ்வகத்தின் நீளப்பக்கத்தை வடக்கு தெற்காக வைத்திருந்தேன், அங்கே 180 டிகிரி கிடையாதே! டிரைபாடைத் திருப்பி, ஒரு மூலை வடக்கையும் எதிர்மூலை தெற்கையும் பார்க்கிற மாதிரி வைத்தேன். எஃப்/2.8, 25 விநாடி, ஐஎஸ்ஓ 3200. வடக்கு மூலையில் மலை விளிம்பும் துருவ நட்சத்திரமும், தெற்கு மூலையில் தென்சிலுவை. நடுவில் என் மாமா வைத்த ஒற்றைத் தென்னையின் கீற்று நுழைந்திருந்தது.

"இந்தத் தென்ன சாய்ஞ்சா இருக்குது? நேராத்தான வெச்சேன்" என்றார் மாமா, திரையைப் பார்த்து. லென்ஸைப் பற்றி விளக்கினேன். நம்பவில்லை. எழுந்துபோய் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

உரல் மேல் கேமரா

மறுநாள் மத்தியானம் முற்றத்தின் நடுவில் கேமராவை வைத்து ஒத்திகை பார்த்தேன். படத்தின் நட்டநடுவில் சூரியன், மற்றதெல்லாம் வெளிறிப்போயிற்று. அப்போதுதான் தூண்களைக் கவனித்தேன். ஒன்றுக்கும் நிழல் இல்லை.

"சித்திரயில ஒரு நாளு சூரியன் நேரா தொட்டியில எறங்கும்டி. உங்க தாத்தா வருசாவருசம் பார்ப்பாரு" என்றார் ஆயா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

கணக்குப் பார்த்தேன். செங்கத்துக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 22-ஐ ஒட்டி வருகிறது. பகல் 12.15 வாக்கில் சூரியன் தலைக்கு நேர் மேலே. நான் போயிருந்தது 21-ம் தேதி! தாத்தா எந்த வானியலும் படிக்காமல், இந்த முற்றத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வீட்டோடு சேர்ந்து அந்தக் கடிகாரமும் போகிறது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. மாமாவின் மேல் தப்பில்லை. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, மழைக்காலத்தில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது, ஆயாவால் முற்றத்துப் படி இறங்கி ஏற முடிவதில்லை.

கடைசி நாள் காலை ஏழரை மணி. வெயில் ஓட்டுக்கு மேலே ஏறாத நேரம். பதினேழு பேர். பெங்களூரிலிருந்து பெரியம்மா மகன் ராத்திரியே வந்துவிட்டான்.

சர்க்குலர் லென்ஸை மாட்டி, கேமராவைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். செல்போன் ஆப்பை வைத்து மட்டம் பார்த்து, எல்லோரையும் சுற்றி நிற்கச் சொன்னேன். செல்போனிலிருந்தே கிளிக். படத்தைப் பார்த்தால் வட்டத்தைச் சுற்றிப் பதினாறு ஜோடிக் கால்கள், யானைக் கால் அளவில். தலையெல்லாம் குண்டூசி. தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆயா, ஒரு புள்ளி.

யாருக்காக இந்தப் படமோ அவரையே காணவில்லை. ஃபிஷ்ஐக்கு மூத்தவர், இளையவர் எல்லாம் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பெரியவர். அதனால் முற்றத்தில் கிடந்த உரலின் மேல் கேமராவை ஏற்றினேன். இரண்டு பேர் கைத்தாங்கலாக ஆயாவைப் படியிறக்கி, உரலிலிருந்து இரண்டடியில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் ஐந்தடி தள்ளி வட்டமாக. போன பொங்கலுக்கு அகலமான அத்தை ரொம்ப யோசித்து ஓர் இடத்தில் நின்றார். "இந்த லென்ஸில் ஓரமே கிடையாது அத்தை, வட்டம்தான்" என்றேன்.

"இன்னாடி இது, முட்டக்கண்ணு முழிக்குது" என்று ஆயா லென்ஸுக்குள் குனிந்து பார்த்தார். அந்த நொடியில் கிளிக் செய்துவிட்டேன்.

படத்தில் நடுவில் சதுர வானம், நான்கு பக்க ஓட்டு விளிம்பும் வளைந்து ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. அதைச் சுற்றி எட்டுத் தூண்கள், தூண்களுக்கு இடையில் முகங்கள், சூரியகாந்திப் பூவின் இதழ்கள் மாதிரி. எல்லோரையும்விடப் பெரிதாக ஆயாவின் முகம், வெற்றிலைச் சிவப்புச் சிரிப்போடு. அத்தை ஒல்லியாக இருந்தார். உடனே குரூப்பில் போடச் சொன்னார்.

ஆக, நான் வாங்கப்போவது எது? டயகனல் 7.5 எம்எம். ஆமாம், அந்த வீட்டுப் படத்தை எடுத்தது சர்க்குலர்தான். ஆனால் மூன்று நாளில் சர்க்குலரில் நான் உருப்படியாக எடுத்தது அந்த ஒரு படம்தான். வட்டப் படம் முதல் முறை பார்க்கும்போது அசத்தும், பத்தாவது முறை அலுக்கும். அது வாடகைக்குப் போதும். டயகனலில் ராத்திரி வானம், வேப்பமரத்தடி, பஸ்ஸுக்குள் கூட்டம், மாமாவின் கிணறு என்று எழுபது படம் தேறியிருக்கிறது. தலைக்கு மேல் ஏதாவது கவிந்திருக்கிற இடங்களுக்கு நீங்கள் அடிக்கடி போகிறவரா? ஆட்களை ஒட்டி நின்று எடுக்கிறவரா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால், அந்த 15,000-ஐ பேங்கிலேயே வைத்திருங்கள்.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டேன். "சுத்தி இருக்கிற கறுப்ப வெட்டிடட்டுங்களா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

பிரின்டைக் கையில் வாங்கியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எட்டுத் தூண்களில் ஏழு, வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி மையத்தைப் பார்த்து நேராக நின்றன. மேலே பார்க்கிற லென்ஸில் செங்குத்துக் கோடுகள் எல்லாம் மையத்தைத் தொடுவதால் வளையக் கூடாது, சரி. ஆனால் எட்டாவது தூண் கோணலாக இருந்தது. லென்ஸைக் கீழே போட்டுவிட்டேனா, உள்ளே கண்ணாடி நகர்ந்துவிட்டதா, கடைக்காரர் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வாரா? வயிறு கலங்கிப்போய் வீட்டுக்கு வந்தேன்.

ஆயா படத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தத் தூணுக்கு வந்ததும் விரல் நின்றது.

"அது லென்ஸ் கோளாறு ஆயா. கோணலா விழுந்திடுச்சு."

"கோளாறுமில்ல ஒண்ணுமில்ல. அது நெசமாவே கோணத் தூணுதான்டி. உங்க தாத்தா நாப்பது வருசம் அதுலதான சாய்ஞ்சிக்கினு இருந்தாரு."

எழுந்துபோய்ப் பார்த்தேன். கோணல்தான்.